முந்தானையில் ஒரு நெட்டை நங்கை

சென்ற ஆண்டு நமது சரகத்தைச் சேர்ந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுந்த ஒரு வழக்கை விசாரிக்கும் பொறுப்பு நமக்கு வந்து சேர்ந்தது. அது கணக்கு வழக்கோ, கையாடல் வழக்கோ அன்று. ஒரு சேலையின் முந்தானையில் நெய்யப்பட்டிருந்த நடனமாதின் உயரத்தைப் பற்றிய வழக்கு. கூட்டுறவுச் சட்டத்தில் இதற்குப் பிரிவு ஏது என்று முதலில் நாமும் சிரித்தோம். ஆனால் அந்த நடனமாதின் உயரத்திற்காக 4 தறிக்காரர்களின் கூலியில் சேலை ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் பிடித்தம் செய்வதென்று நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றியிருந்தது என்பதை அறிந்தபின் சிரிப்பு அடங்கிற்று.

நடந்தது இதுதான். பருத்திச் சேலையின் முந்தியில், அபிநயம் பிடித்து நிற்கும் பெண்ணுருவம் ஒன்றை ஜக்கார்டு மூலம் நெய்து தரும்படி வியாபாரி ஒருவர் 24 சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். உருவம் 2 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் இருக்க வேண்டுமென்பது ஒப்பந்தம். நெய்து வந்த சேலைகளில் அகலம் 2 அங்குலம் சரியாக இருந்தது. உயரமோ 4 அங்குலம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே பனைமரம் போல் நீண்டு, கழுத்து கொக்கின் கழுத்தாகி, முகம் வெள்ளரிக்காய் போல் இழுபட்டு அந்த மங்கை நின்றாள். வியாபாரி சேலைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

‘தறிக்காரர்கள் பலகையைத் தளர்த்தி அடித்திருக்கிறார்கள், ஊடை நெருக்கம் குறைந்ததால் உருவம் நீண்டுவிட்டது’ என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஊடையைத் தளர்த்தி அடித்தால் உருவம் நீளும் என்பதை நெசவறிந்த எவரும் மறுக்கமாட்டார். கூலி பிடித்தம் செய்யப்பட்டவர்களுள் ஒருவராகிய ஓர் அம்மையார் மட்டும், “சார், அட்டை சொன்னபடி நெய்தோம். அட்டைக்கு மேலே ஓர் ஊடைகூட நாங்கள் போடவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லிலேயே விடை இருந்தது.

நாம் இழை எண்ணும் கண்ணாடியை வாங்கித் துணியின் மேல் வைத்தோம். அங்குலத்திற்குப் பாவிழை 80, ஊடையிழை 60. நிர்ணயித்த அளவும் அதுவே. 180 ஊடைகளில் நெய்ய வேண்டிய உருவம் வெறும் தளர்ச்சியால் 4 அங்குலமாக வேண்டுமானால், அங்குலத்திற்கு 45 ஊடைகளே இருந்திருக்க வேண்டும். அப்படி நெய்த துணி சேலையாக இராது, கொசுவலையாக இருக்கும். பிறகு உருவத்திற்குரிய அட்டைகளை எண்ணச் சொன்னோம். 180 இருக்க வேண்டிய இடத்தில் 240 இருந்தன. 240 அட்டைகளை அங்குலத்திற்கு 60 ஊடை வீதம் நெய்தால் 4 அங்குலம் வரும். தறிக்காரர்கள் அணுவளவும் பிசகாமல் நெய்திருந்தனர். பிசகு அட்டை குத்துவதற்கு முன்னரே, கணினித் திரையில் நேர்ந்துவிட்டது.

எப்படி நேர்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். கணினி வைத்திருக்கும் சங்கங்கள் பெருகிவரும் இந்நாளில், இதே தவறு எந்தச் சங்கத்திலும் நேரலாம்.

அச்சங்கத்திற்கு நெடுநாளாக டிசைன் வரைந்து தருபவர் ஒரு முதியவர். அவர் கிராப் தாளில் வரைபவர். நெசவு கிராப் தாளைப் பள்ளிக்கூடத்துக் கணக்குத் தாளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பள்ளித் தாளின் கட்டம் சதுரமானது. நெசவுத் தாளின் கட்டமோ துணியின் இழை நெருக்கத்திற்கு ஏற்ப அமைந்தது. 80க்கு 60 என்ற துணிக்கு 8க்கு 6 தாள் வேண்டும். அதாவது, ஒரு பெரிய சதுரத்தினுள் குறுக்கே 8 கட்டங்களும் நெடுக்கே 6 கட்டங்களும் இருக்கும். ஒவ்வொரு சிறு கட்டமும் அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக இருக்கும். அந்தத் தாளில் வரைந்த உருவம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே துணியிலும் தோன்றும். முதியவர் குறுக்கே 160 கட்டம், நெடுக்கே 180 கட்டம் என்று வரைந்திருந்தார். 160ஐ 80ஆல் வகுத்தால் 2 அங்குலம். 180ஐ 60ஆல் வகுத்தால் 3 அங்குலம். கணக்கு பொருந்துகிறது.

அதன்பின் அங்கத்தினர் ஒருவரின் மகன், கணினி கற்ற இளைஞர், இந்தத் தாளைப் பார்த்து, கட்டத்திற்குக் கட்டம் கணினியில் ஏற்றினார். இளைஞர் கெட்டிக்காரர், உழைப்புக்கு அஞ்சாதவர். அவர் மேல் குற்றம் சுமத்துவது நமது நோக்கமன்று. ஆனால் கணினியின் புள்ளிகள் சதுரமானவை. 160க்கு 180 என்னும் அதே கட்டங்கள் சதுரக் கட்டங்களாகத் திரையில் தோன்றியவுடன், நின்ற மங்கை குள்ளமாகவும் பருமனாகவும் ஆகிவிட்டாள். இடை உரல் போல் இருந்தது. எட்டிப் பார்த்த தலைவர், ‘என்ன தம்பி, பூசணிக்காய்க்குச் சேலை கட்டினாற்போல் இருக்கிறதே, கொஞ்சம் ஒல்லியாக்கு’ என்றாராம். இளைஞரும் படத்தின் உயரத்தை மட்டும் 180இலிருந்து 240ஆக இழுத்தார். திரையில் மங்கை அழகியாகிவிட்டாள். அனைவரும் திருப்தியடைந்தனர். அட்டை குத்தப் போயிற்று.

திரையில் குள்ளமாகத் தெரிந்த உருவமே துணியில் சரியாக வரும் உருவம். திரையில் அழகாகத் தெரிந்ததே துணியில் நெட்டையாகும் உருவம். இதை மனத்தில் வாங்கிக்கொள்வது நமக்கே சற்று நேரம் பிடித்தது. கல்லூரியில் படித்த கணிதம் உதவவில்லை; முதியவர் தம் பழைய கிராப் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டியபோதுதான் விளங்கிற்று.

கணினியிலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. கிம்ப் என்னும் படம் திருத்தும் மென்பொருள், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கி 1996இல் உலகுக்கு வழங்கியது. அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். பலர் கூடி உழைத்து, பயனைப் பொதுவில் வைப்பது என்னும் வகையில் அதுவும் நமது கூட்டுறவுக்கு உறவுதான். அந்த மென்பொருளில் ‘பிரிண்ட் சைஸ்’ என்னும் இடத்தில் அங்குலத்திற்கு எத்தனை புள்ளி என்று குறிக்கலாம். அகலத்திற்கும் உயரத்திற்கும் நடுவே ஒரு சங்கிலிப் படம் காணப்படும். அச்சங்கிலியைக் கழற்றிவிட்டு, அகலத்திற்கு 80, உயரத்திற்கு 60 என்று தனித்தனியே குறிக்க வேண்டும். பின்னர் ‘வியூ’ பட்டியலில் ‘டாட் ஃபார் டாட்’ என்பதை நீக்கிவிட வேண்டும். அவ்வளவே. 160க்கு 180 கட்ட உருவம் துணியில் எப்படி இருக்குமோ அப்படியே திரையில் தோன்றும். ஒரு கட்டமும் கூடவில்லை, குறையவில்லை. பார்வை மட்டும் திருந்திவிட்டது. போட்டோஷாப்பிலும் புள்ளியின் விகிதத்தைக் குறிக்கும் வசதி உண்டு. நெசவுக்கென்றே விற்கப்படும் மென்பொருள்களில் இழைக்கணக்கைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகின்றன. ஆனால் கேட்கும்போது பதில் சொல்ல ஆள் வேண்டும்.

பதில் சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்குலத்திற்கு எத்தனை பாவிழை என்பதைவிட, அங்குலத்திற்கு எத்தனை ஹூக் அசைவு என்பதே வேண்டிய கணக்கு. ஒரு ஹூக் 2 இழைகளைத் தூக்குமானால் 80 இழைத் துணி டிசைனுக்கு 40தான். அவ்வாறே, தரை ஊடை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ ஊடை போடும் துணிக்கும், 2 தரை ஊடைக்கு ஒரு பூ ஊடை போடும் துணிக்கும் நெடுக்குக் கணக்கு இரட்டிப்பாக வேறுபடும். நமது வழக்குத் துணியில் ஒரு ஹூக்குக்கு ஓர் இழை, ஒரு தரை ஊடைக்கு ஒரு பூ ஊடை. ஆகவே கணக்கு எளிதாயிற்று. தறியிலிருந்து அறுத்தபின் பாவின் இறுக்கம் விடுபட்டுத் துணி சிறிது சுருங்கும் என்பதையும் மறக்கலாகாது. தறிமேல் அளந்து ‘சரி’ என்று கையொப்பம் இடுபவர்கள் பிறகு வருந்த நேரிடும்.

பிடித்தத் தீர்மானம் ரத்தாயிற்று. அட்டைகளை மீண்டும் 180ஆகக் குத்தி, ஒரு மாதிரி முந்தி நெய்து பார்க்கச் சொன்னோம். உயரம் சரியாக 3 அங்குலம் வந்தது. ஆயினும் பார்த்தவர் எவருக்கும் மனம் நிறையவில்லை. மங்கைக்கு முகமே இல்லை! வட்டமான ஒரு பொட்டின் மேல் கொண்டை வைத்தாற்போல் இருந்தது. முதியவரின் தாளில் முகம் இருந்தது, கண் இருந்தது, புன்னகைகூட இருந்தது. அவை எங்கே போயின?

இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். உடம்பை நீட்டியதோடு அவர் நிற்கவில்லை. முதியவர் வரைந்த உருவத்தில் தலை பெரிதாக இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. வளர்ந்த மனிதரின் உயரம் தலையைப்போல் ஏழரை மடங்கு என்று ஓவியப் பாடத்தில் படித்திருக்கிறார். முதியவரின் மங்கையோ 5 தலை உயரமே இருந்தாள். ஆகவே தலையை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சிறிதாக்கி, கைகளையும் அதற்கேற்பக் குறைத்து, உடலை நூலின்படி ‘திருத்தி’யிருக்கிறார்.

அவர் படித்தது தவறன்று. உருவங்களின் உறுப்பளவைக் கணக்கிட்டு வைக்கும் பழக்கம் உலகில் மிகப் பழையது. எகிப்தியச் சித்திரக்காரர்கள் சுவரில் கட்டம் போட்டு, உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர் விளிம்பு வரை 18 கட்டங்கள் என்று வைத்து நின்ற உருவங்களை வரைந்தனர். நமது சிற்பிகளின் கணக்கு முகத்தை அடியாகக் கொண்டது. முகத்தின் நீளம் ஒரு தாளம். அது 12 அங்குலமாகப் பகுக்கப்படும். இது அடிக்கோல் அங்குலம் அன்று; அவ்வுருவத்திற்கே உரிய அங்குலம். நவதாள உருவம் 108 அங்குலம். தசதாளத்தில் உத்தமம் 124, மத்திமம் 120, அதமம் 116. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னோலை நறுக்கை உருவத்தின் உயரத்திற்கு வெட்டி, மடித்து மடித்து அளவு குறிப்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஓலையில் எண்ணே கிடையாது, மடிப்புத்தான் உண்டு. சிறிய படிமத்திற்குச் சிறிய ஓலை, பெரியதற்குப் பெரியது, விகிதம் மட்டும் மாறுவதில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் மனித உடலின் அளவுகளைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்த 1528ஆம் ஆண்டிலேயே அச்சாயிற்று. உயரத்தை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும், ஒரே உருவத்திலிருந்து பருத்தவரையும் மெலிந்தவரையும் எப்படி வரைந்து பெறலாமென்று அதில் அவர் காட்டியிருக்கிறார். இன்று கணினியில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துச் செய்வதை அவர் அளவுகோலும் கோடும் கொண்டு செய்தார்.

இத்தனை கணக்குகளில் முதியவரின் 5 தலைக் கணக்கு எங்கே பொருந்தும்? அவரையே கேட்டோம். “ஐயா, தலையை ஏன் இவ்வளவு பெரிதாகப் போட்டீர்கள்?” என்றோம். “கண் வைக்க இடம் வேண்டாமா சார்?” என்று பதில் கேள்வி போட்டார்.

அவருடைய கேள்வியை நாம் எண்ணால் சரிபார்த்தோம். 3 அங்குல உருவத்தில் தலை ஏழரையில் ஒரு பங்கு என்றால், தலை 24 ஊடை உயரம். அதாவது அங்குலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தலையின் அகலம் ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு, 21 பாவிழை. கண்ணின் அகலம் தலையகலத்தில் ஐந்தில் ஒன்று என்பது ஓவியர் கணக்கு. ஆகவே 4 இழை. ஓரக்கோட்டிற்கு இருபுறமும் ஒவ்வோர் இழை போனால் உள்ளே எஞ்சுவது 2. கண்ணின் உயரமோ ஒரே ஊடை. மேலிமையும் கீழிமையும் கருவிழியும் ஒரே வரியில் எப்படி அடங்கும்? முதியவரின் தலை 36 ஊடை உயரம், 32 இழை அகலம். கண்ணுக்கு 6 இழை. ஓரம் போக 4. நடுவில் கருவிழி 2, இருமருங்கும் வெண்மை ஒவ்வொன்று. உயரத்திலும் அவர் கணக்கைச் சிறிது மீறி 3 வரி கொடுத்திருந்தார். மேல் வரி இமை, நடு வரி விழி, கீழ் வரி மறு இமை. கண் பிழைத்தது. கைகளையும் அதே காரணத்தால் பெரிதாக்கியிருந்தார். விரல்கள் தெரியாவிட்டால் அபிநயம் ஏது?

1839இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு பொறியைக் கண்ட ஜோசப் மரி ஜக்கார்டின் உருவப்படத்தைப் பட்டில் நெய்தனர். பார்த்தவர்கள் அதை அச்சிட்ட படமென்றே மயங்கினராம். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் செலவாயின. நம்மிடம் இருந்தவை 180. 24,000 அட்டைக்காரர் இயற்கை அளவைப் பின்பற்றலாம். 180 அட்டைக்காரர் எதைப் பெரிதாக்கி எதைச் சுருக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். முதியவர் நாற்பதாண்டு அனுபவத்தில் முடிவு செய்திருந்ததை, இளைஞர் நல்லெண்ணத்தோடு அரை மணி நேரத்தில் அழித்துவிட்டார்.

ஆகவே, உருவத்தின் உறுப்பளவைக் கணினியில் மாற்றவே கூடாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. நாம் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தோம். முதியவர் சொல்லச் சொல்ல இளைஞர் திருத்தினார். அன்று பிற்பகல் முழுவதும் நாமும் உடனிருந்து குறித்துக்கொண்டவற்றைப் பிற சங்கத்தாரின் பயன் கருதி இங்கே தருகிறோம்.

உறுப்புகளைத் திருத்தும் வேலையைச் சிறிய கட்டப் படத்தில் செய்யலாகாது. முதலில் உருவத்தைப் பெரிய அளவில், உண்மையான விகிதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சியிலிருந்து பாதம் வரை குறுக்கே வழிகாட்டிக் கோடுகள் இட்டு, தலைக்கு ஒரு பங்கு, தோளுக்கு, இடைக்கு, முழங்காலுக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்தபதியின் ஓலை மடிப்பு இங்கே கோடாகிறது. ஒரு கையை நீட்டவோ குறுக்கவோ வேண்டுமானால், அந்தக் கையைச் சுற்றிக் கோடு வரைந்து, தனி அடுக்காகப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்கும் இடம் மூட்டாக இருத்தல் அவசியம். மேற்கை தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று. முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மற்றொன்று. திருப்பும்போது சுழற்சியின் அச்சைத் தோள்மூட்டில் கொண்டுபோய் வைக்காவிட்டால் கை உடலைவிட்டுக் கழன்று அந்தரத்தில் தொங்கும். இளைஞருக்கு முதல் இரண்டு முறை அப்படித்தான் ஆயிற்று. முதியவர் வாய்விட்டுச் சிரித்ததும் அப்போதுதான்.

சிறு வளைவுகளுக்கு, உருவத்தைச் சுற்றிக் கூண்டு போலப் புள்ளிகள் வைத்து, ஒரு புள்ளியை இழுத்தால் அப்பகுதி மட்டும் நெகிழ்ந்து கொடுக்கும் கருவி ஒன்று கிம்ப்பில் 2012இல் வந்த 2.8ஆம் பதிப்பு முதல் உண்டு. இடையைச் சிறுக்கவும் தொடையைத் திருத்தவும் அது வசதி. ஆனால் ஆபரணங்களோடு சேர்த்து இழுத்தால் வளையல் முட்டையாகிவிடும், தோடு கண்ணீர்த்துளியாகிவிடும். உடலைத் திருத்தி முடித்தபின் நகையை வரைவதே முறை. மணப்பெண்ணை அலங்கரிக்கும் வரிசையும் அதுதானே.

திருத்தமெல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு முறை, 160க்கு 180 கட்டங்களாகச் சுருக்க வேண்டும். பலமுறை சுருக்கி விரித்தால் கோடு சிதைந்துபோகும். சுருக்கும்போது மென்பொருள் ‘இடைநிறம்’ சேர்க்கட்டுமா என்று மறைமுகமாகக் கேட்கும். ‘இண்டர்போலேஷன்’ என்று அதற்குப் பெயர். கிராப் வேலைக்கு அதில் ‘நன்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சு நிறக் கட்டங்கள் தோன்றும். திரையில் அது மென்மையாகத் தெரியும். அட்டை குத்துபவரோ அந்த ஆரஞ்சு ஊடையை எங்கே தேடுவார்? பிறகு படத்தை ‘இண்டெக்ஸ்டு’ முறைக்கு மாற்றி, ஊடை நிறங்கள் எத்தனையோ அத்தனை நிறங்களே எஞ்சும்படி செய்துவிட வேண்டும்.

அதோடு வேலை முடியாது. இயந்திரம் சுருக்கிய படத்தில் சில கோடுகள் இரண்டு கட்டத் தடிப்பாகவும் சில அறவே காணாமலும் போயிருக்கும். புருவம் ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இராது. ஒவ்வொரு கட்டமாகக் கையால் திருத்த வேண்டிய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மிதவையையும் பார்க்க வேண்டும். பாவாடைப் பகுதியை அகலப்படுத்தியதால் பூ ஊடை ஓரிடத்தில் 16 இழைகளுக்கு மேல் கட்டின்றி மிதந்தது. அது அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உடுத்துபவரின் மோதிரம் ஒரு நாள் மாட்டினால் போதும். முதியவர் நடுநடுவே கட்டுப்புள்ளி வைத்து அதையே பாவாடையின் பூவேலையாக மாற்றிவிட்டார். அந்தத் திறமையை எந்த மென்பொருளிலும் நாம் இதுவரை காணவில்லை.

இவ்விதழைப் படிக்கும் விவசாய அன்பர்கள், ‘இது நெசவாளர் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. உற்பத்தியாளர் சங்கம் ஒன்றில் மஞ்சள்தூள் பொட்டலத்தின் மேல் களத்தில் நிற்கும் உழவர் மகளிர் இருவர் படம் அச்சிட்டிருந்தனர். பொட்டலம் அகலமாக, படம் குறுகலாக இருந்ததால், அச்சகத்தார் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பிவிட்டனர். இருவரும் மத்தளம் போல் ஆயினர். சங்கத்து அங்கத்தினர்களே கேலி பேசிய பின்னர் உறையை மாற்ற வேண்டியதாயிற்று. அச்சில் புள்ளி சதுரமானது. அங்கே சங்கிலியைக் கழற்றவே கூடாது. இடம் மிச்சமிருந்தால் வயலையோ வரப்பையோ சேர்த்து வரைய வேண்டுமே தவிர, ஆளை இழுக்கக் கூடாது. நெசவில் கழற்றாவிட்டால் தவறு. அச்சில் கழற்றினால் தவறு. ஒரே கருவி, இரண்டு விதி.

நாம் விசாரித்த சங்கத்தில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. டிசைன் பதிவேட்டில் ஒவ்வோர் உருவத்திற்கும் நேரே அங்குலத்திற்கு ஹூக் எத்தனை, பூ ஊடை எத்தனை, கட்டம் குறுக்கே நெடுக்கே எத்தனை, அட்டை எத்தனை என்று எழுதி, வரைந்தவரும் கணினியில் ஏற்றியவரும் காரியதரிசியும் கையொப்பம் இடுகின்றனர். மாதிரியாக நெய்த ஒரு முழம் முந்தியைத் தறியிலிருந்து அறுத்து, அளந்து, பதிவேட்டோடு சேர்த்துத் தைத்தபின்னரே மற்றத் தறிகளுக்கு அட்டை போகிறது. மாதிரி முந்திக்கும் கூலி உண்டு. ‘விற்காத துணிக்குக் கூலியா?’ என்று பொதுச்சபையில் ஒருவர் எழுந்து கேட்டார். திரும்பி வந்த 24 சேலைகளையும் மேசை மேல் அடுக்கி வைத்திருந்தபடியால் அவருக்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் சேலைகளில் சிலவற்றை அங்கத்தினர்களே குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டனர். நட்டம் சங்கக் கணக்கில் எழுதப்பட்டது.

பிடித்தம் செய்த தொகை நால்வருக்கும் திருப்பித் தரப்பட்டது. அவர்களுள் ஒருவர், தீர்மானம் ரத்தாகும் முன்னரே மனம் நொந்து, சங்கத்தை விட்டுத் தனியார் தறிக்குப் போய்விட்டார். காரியதரிசி அவர் வீட்டிற்கே சென்று தொகையைக் கொடுத்துக் கையொப்பம் பெற்றுவந்தார். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய தறியில் இப்போது அந்த இளைஞரின் தாயார் உட்கார்ந்து, 180 அட்டையில் அதே மங்கையை நெய்துகொண்டிருக்கிறார்.